அம்மாயியின் கைநாட்டு

கோப்பி நோயில் அழிந்து, புசல்லாவை மலைகளில் தேயிலை ஏறிய காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் இங்கேதான். 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பமிட்டு, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரின் கணக்கு 1974 வரை கிடந்தது. எங்களைக் கேட்டுச் செய்ததல்ல அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

எங்கள் லயத்தில் பெரிய மாமா இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தார். அம்மாயியையும் கூப்பிட்டார்.

"பெத்ததும் பொதச்சதும் இந்த மலையிலதான்டா. நா வரல."

இலங்கைக் குடியுரிமைப் படிவத்தில் கைநாட்டு வைத்தார். அவர் வாழ்க்கையில் தானே எடுத்த முதல் முடிவு அதுதான் என்று அம்மா சொல்வார். அம்மாயி, மாமாவைக் கம்பளையில் தலைமன்னார்க் கோச்சிக்கு ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் விடியலில் கூடையோடு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்றார்.