நீச்சல் குளத்து நீரைச் சூடாக்கும் 'ஹீட் பம்ப்' – எப்படி வேலை செய்கிறது?

வெயில் கொளுத்தும் சிங்கப்பூரில் நீச்சல் குளத்துக்கு எதற்கு வெந்நீர் என்று கேட்கத் தோன்றுகிறதா?

டிசம்பர் மழைநாளில், உயரமான புளோக்குகளின் நிழல் விழும் கொண்டோமினியக் குளத்தில் கால் வைத்துப் பாருங்கள். சட்டென்று வெளியே இழுத்துக்கொள்வீர்கள்! 28 டிகிரி செல்சியஸ் காற்று நமக்கு இதமாக இருக்கும். அதே 28 டிகிரி நீர் சில்லென்று இருக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதே காரணம்.

வேகமாக நீந்துபவர்களுக்குக் கவலையில்லை. நீச்சல் போட்டிகளுக்கே 25 முதல் 28 டிகிரிதான் விதி. நடுங்குவது கைக்குழந்தைகளும் முதியவர்களும்தான்.

ஏர்கோனைத் திருப்பிப் போட்டால்...

வீட்டு ஏர்கோன் ஓடும்போது வெளியே இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? அனல் முகத்தில் அடிக்கும். அது உங்கள் அறையிலிருந்து எடுத்த சூடு. ஹீட் பம்ப் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது: வெளிக்காற்றின் சூட்டை எடுத்துக் குளத்து நீருக்குக் கொடுக்கிறது. அதன் விசிறியிலிருந்து வருவது குளிர்ந்த காற்று.

சூட்டைச் சுமப்பது உள்ளே ஓடும் குளிரூட்டி. பரவலாகப் பயன்படும் ஆர்32, சாதாரணக் காற்றழுத்தத்தில் கழித்தல் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர்க் காற்று அதற்கு அடுப்பு மாதிரி! சூட்டை வாங்கி ஆவியாகும் குளிரூட்டியைக் கம்ப்ரஸர் அழுத்தும். அழுத்தினால் சூடு ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, அதேதான். சூடான ஆவி ஒரு சுருள் குழாய்க்குள் போகும். குழாயைச் சுற்றிக் குளத்து நீர் ஓடும். நீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு ஆவி திரவமாகும். பிறகு ஒரு வால்வு வழியே அழுத்தம் இறங்கிக் குளிர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து.

குளோரின் அரிக்காமலிருக்க அந்தச் சுருளைப் பெரும்பாலும் டைட்டேனியத்தில் செய்வார்கள்.

மின்சாரம் எவ்வளவு?

25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். அதாவது 300 கன மீட்டர் நீர். அதை 1 டிகிரி உயர்த்தச் சுமார் 350 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். சாதாரண மின் ஹீட்டர் என்றால் அத்தனையும் மின்சாரம். ஹீட் பம்ப் 1 பங்கு மின்சாரத்துக்கு 5 பங்கு வெப்பம் தருவதாக வைத்துக்கொண்டால் 70 போதும். மந்திரமெல்லாம் இல்லீங்க, மீதி 4 பங்கு காற்றிலிருந்து வந்தது.

ஏற்றிய சூட்டைக் காப்பதுதான் சிரமம். குளங்கள் இழக்கும் வெப்பத்தில் சுமார் 70 விழுக்காடு, நீர் ஆவியாவதால் போகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. குடியிருப்பாளர் கூட்டத்தில் ஹீட் பம்ப் வாங்க வாக்கெடுப்பு வந்தால், இரவில் குளத்தை மூட விரிப்பும் வாங்குகிறோமா என்று முதலில் கேளுங்கள். உங்கள் பராமரிப்புக் கட்டணம் ஆச்சே! கருவியை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். மூடிய அறையில் வைத்தால், தான் வெளியேற்றிய குளிர்காற்றையே அது திரும்ப இழுக்கும்.

ஸ்பா தொட்டி என்றால்?

நீர் கொஞ்சம்தான், ஆனால் 37 முதல் 40 டிகிரி வரை சூடு வேண்டும். காற்றுக்கும் நீருக்கும் இடைவெளி கூடக்கூடக் கம்ப்ரஸர் அதிகம் உழைக்கும், அந்த 5 பங்கு குறையும். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

இன்னொன்று: ஹீட் பம்ப் மெதுவாகத்தான் சூடேற்றும். சனிக்கிழமை காலை பிள்ளைக்கு நீச்சல் வகுப்பா? வெள்ளிக்கிழமையே போட்டுவிடச் சொல்லுங்கள்.