கொடுத்த மிளகுக்கு வராத காசு: 1871 நமக்குச் சொல்லும் பாடம்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நெல்லோ மிளகோ பாக்கோ, எதை விற்பவராக இருந்தாலும் நேரம் எடுத்து கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்ட பிறகு ஒரு மாணவனின் வாப்பா என்னைத் தேடி வந்தார். பத்து மாதத்துக்கு முன்னர் காய்ந்த மிளகை ஒரு யாவாரிக்கு நிறுத்துக் கொடுத்திருக்கிறார். பாதிக் காசு அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. மீதியை ஒரு மாதத்தில் தருவதாகப் பேச்சு. அந்த மாதம் போய், அடுத்த மாதமும் போய், இப்போது போன் எடுத்தால் பதில் இல்லை. மகனின் டியூஷன் காசும், அடுத்த போகத்துக்கான பசளைக் காசும் அதில்தான் இருக்கிறது.

அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எழுத்து ஒண்டும் இல்லையே சேர். அப்ப அந்தக் காசு போனதுதானே?"

நான் வரலாறு படிப்பிக்கிறவன், சட்டத்தரணி இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நம் நாட்டு வரலாற்றில் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் நினைப்பதற்கு அது நேர் எதிரானது.

முதலில் பழைய காலத்தைப் பார்ப்போம். கண்டி இராச்சியத்தில் மலைநாட்டுக்கும் கரையோரத்துக்கும் இடையில் பொருட்களைச் சுமந்தவை பொதி மாடுகள். அந்த மாட்டுக் கூட்டத்தைத் 'தவளம்' என்றார்கள். உப்பும் கருவாடும் துணியும் மேலே வந்தன; பாக்கும் மற்ற விளைபொருட்களும் கீழே போயின. நம் முன்னோர்களில் பலர் செய்த தொழில் இது. பெரும்பாலும் எல்லாமே வாய்ப்பேச்சுத்தான். அந்தப் பேச்சு நின்றதற்குக் காரணம் அன்றைய மனிதர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்பதல்ல. தவளக்காரர் அடுத்த பருவத்திலும் அதே பாதையால், அதே கிராமத்துக்குத்தான் வர வேண்டும். சொல் தவறினால் அடுத்த முறை அவருக்குப் பாக்கும் இல்லை, மாட்டுக்குத் தண்ணீரும் இல்லை.

அப்படியும் பிணக்கு வந்தால் 'கம்சபாவ' இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடி இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள். அங்கே எழுத்துக்கு வேலை குறைவு. யார் யாருக்கு என்ன கொடுத்தார் என்று ஊருக்கே தெரியும்.

பிறகு ஆங்கிலேயர் ஆட்சி, கோப்பிக் காலம். பெரிய தோட்டங்கள் ஒரு பக்கம் இருக்க, கிராமத்து மக்களும் வீட்டுத் தோட்டத்தில் கோப்பி வளர்த்தார்கள். அதை வாங்கப் போனவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். காய் பழுக்க முன்னரே முற்பணம் கொடுத்து வைப்பதும் வழக்கமாக இருந்தது. 1869 இல் கோப்பியில் இலை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து, இருபது வருடங்களில் கோப்பிச் செய்கையே சரிந்தது. விளைச்சல் வராத இடத்தில் வாய்ப்பேச்சு என்னவாகும்? வாங்கியவருக்கும் கஷ்டம், விற்றவருக்கும் கஷ்டம். இன்றைக்கு மிளகு விலை திடீரென்று இறங்கும்போது நடப்பதும் இதுதான்.

இந்தக் காலத்தில் வந்த சட்டங்களைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

காணி விற்பதென்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில்தான் செய்ய வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். நம் ஆட்களின் மனதில் ஆழமாகப் பதிந்தது இதுதான். அதனால் "எழுத்து இல்லாவிட்டால் எதுவும் இல்லை" என்று எல்லாவற்றுக்கும் நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் பொருள் விற்பனைக்கு வேறு சட்டம் இருக்கிறது: 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். அதன் 5 ஆம் பிரிவின்படி, கையொப்பமிட்ட எழுத்து இல்லாவிட்டாலும், வாங்குபவர் பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்றுக் கையில் எடுத்திருந்தால், அல்லது விலையில் ஒரு பகுதியையாவது கொடுத்திருந்தால், அந்த வாய்ப்பேச்சை வைத்து வழக்குப் போகலாம். இந்த வாப்பாவின் விஷயத்தில் இரண்டுமே நடந்திருக்கிறது. மிளகு போய்விட்டது, பாதிக் காசும் வந்துவிட்டது. ஆகவே "எழுத்து இல்லை, காசு போய்விட்டது" என்பது பிழை.

அப்படியானால் விவசாயியின் காசு எங்கே போகிறது? பதில் 1871 இல் இருக்கிறது.

சேர் ஹெர்கியூலிஸ் ரொபின்சன் ஆளுநராக இருந்த அந்த ஒரே வருடத்தில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று 26 ஆம் இலக்கக் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம். மங்கிப்போயிருந்த கம்சபாவவைப் புதிய உருவத்தில் எழுப்பி, சின்ன வழக்குகளைக் கேட்கக் கிராம நீதிமன்றங்களை அமைத்தது அது. வாய்ப்பேச்சைக் கேட்க ஓர் இடம் மறுபடி கிடைத்தது.

மற்றது 22 ஆம் இலக்கச் சட்டம். எவ்வளவு காலத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்வது. அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கையொப்பமிட்ட எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடம். பொதுவான வாய்மொழி ஒப்பந்தம் என்றால் மூன்று வருடம். ஆனால் விற்றுக் கையளித்த பொருளின் விலை, கடைக் கணக்குக் கடன் என்றால், காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடம் மட்டும்தான்.

ஒரு வருடம்! நம் ஊரில் ஒருவரிடம் காசு கேட்கப் போவதற்கே சில வேளை ஒரு வருடம் ஆகும். முதல் மூன்று மாதம் பொறுமை. பிறகு நோன்பு, பெருநாள், அவர் வீட்டுக் கல்யாணம், நம் வீட்டு மையித்து. முகத்தை முறிக்க மனம் வராது. "அடுத்த மாதம்" என்ற சொல்லை நம்பி இருப்போம். அந்தச் சொல்லுக்குள்ளேயே நம் உரிமை கரைந்துவிடும். காசைச் சாப்பிடுவது எழுத்து இல்லாத குறையை விட, தாமதம்தான்.

இனி எங்கே போவது என்ற கேள்வி. கிராம நீதிமன்றங்கள் பின்னர் இல்லாமல் போயின. 1958 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தால் இணக்க சபைகள் வந்தன. 1978 இல் அவையும் நீக்கப்பட்டன. அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் அப்படி ஓர் இடம் இல்லாத காலம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகள் உருவாகி, 1990 இலிருந்து இயங்குகின்றன. நம்மில் பலர் இப்போதும் அதைப் பழைய பெயரில் 'இணக்க சபை' என்றுதான் சொல்கிறோம். அங்கே சட்டத்தரணி வைத்துப் பேச வேண்டியதில்லை. மத்தியஸ்தர்கள் இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துக் கேட்பார்கள். இணங்கினால் அதை எழுதிக் கையொப்பம் வாங்குவார்கள். வாய்ப்பேச்சு அங்கே எழுத்தாகிறது. இணங்காவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். குறிப்பிட்ட பெறுமதிக்கு உட்பட்ட பிணக்குகளில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. அந்த வரம்பு 2016 இல் ஐந்து லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒரு வீட்டு மிளகுக் கணக்கு அதற்குள் அடங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அல்ல, கடன் கணக்கை எழுதி வைப்பதைப் பற்றி. தவணைக் கடன் சின்னதோ பெரியதோ, சலிக்காமல் எழுதச் சொல்கிறது, சாட்சியும் வைக்கச் சொல்கிறது. கைக்குக் கை முடியும் வியாபாரத்தை எழுதாவிட்டாலும் குற்றமில்லை என்கிறது. ஆகவே துண்டு கேட்பது நம்பிக்கையில்லாத வேலை என்று யாரும் வெட்கப்பட வேண்டாம். கேட்பவருக்கு அது உரிமை, கொடுப்பவருக்கு அது கடமை. நம்மில் விற்பவர்களும் இருக்கிறார்கள், வாங்கும் யாவாரிகளும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும்தான் சொல்கிறேன்.

அந்த வாப்பாவிடம் நான் சொன்னது இதுதான். நிறுத்த திகதி, எத்தனை கிலோ, என்ன விலை, வந்தது எவ்வளவு, மீதி எப்போது தருவதாகச் சொன்னார், நிறுக்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். யாவாரிக்குக் கோபப்படாமல் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இவ்வளவு மிளகுக்கு இவ்வளவு மீதி இருக்கிறது, எப்போது தருவீர்கள்?" 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு, போனில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பதிவைத் தள்ளிவிட முடியாது. அவர் "தாறேன்" என்று பதில் போட்டால் அதை அழிக்காதீர்கள். உடனே மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் கொடுங்கள். நாள் கணக்கை உறுதிப்படுத்த ஒரு சட்டத்தரணியிடமோ, வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ கேளுங்கள்.

அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மிளகு கொடுத்து பத்து மாதம். தவணை முடிந்து ஒன்பது மாதம். கையில் இருப்பது மூன்று மாதம். "அவர் முகத்தைப் பார்க்கிறதுதான் கஷ்டம் சேர்" என்றார். எனக்கும் அது விளங்குகிறது. தவளக் காலத்தில் அந்த முகம்தான் ஈடாக இருந்தது. இன்று லொறியில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறவரை நாம் மறுபடி பார்ப்போமா என்பதே நிச்சயமில்லை.

அன்றைக்கு இரவே மகன் தன்னுடைய கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறான். இந்தக் கிழமை விண்ணப்பம் கொடுக்கப் போகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மீதி இருந்தால், இன்றைக்கே திகதியைப் பாருங்கள். பழைய துண்டுகள், கணக்குக் கொப்பிகள் யாரிடமாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உதவும். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.