படங்களுக்கு இடையே வாழும் காதலர்: இந்தி மெலோடிராமாவில் ஜோடியும் ரசிக நினைவும்

1956இல் வெளிவந்த 'ஜாக்தே ரஹோ' படத்தில், வேலை தேடி நகரத்துக்கு வந்த கிராமத்தான் ஒருவன் ஒரு வாய்த் தண்ணீருக்காக இரவு முழுக்க அலைகிறான். அடுக்குக் குடியிருப்பு ஒன்றுக்குள் நுழைந்தவனைத் திருடன் என்று துரத்துகிறார்கள். வீடு வீடாக ஒளிந்து ஓடுபவன் கண்ணில் அந்தக் கட்டடத்துப் பெரிய மனிதர்களின் கள்ளத்தனமெல்லாம் படுகிறது. கடைசியில் விடிகிறது. பாட்டுச் சத்தம் கேட்டு அந்தத் திசையில் போகிறான். பாடிக்கொண்டிருந்த பெண் அவன் குவித்த கைகளில் நீர் வார்க்கிறாள். படம் முடிகிறது.

கதையின் கணக்குப்படி அந்தப் பெண் யாராக இருந்தாலும் ஒன்றுதான். அவளுக்குப் பெயர் இல்லை, முன்கதை இல்லை, அதற்கு முன் ஒரு காட்சியில்கூட அவள் வரவில்லை. ஆனால் வார்ப்பவர் நர்கீஸ், குடிப்பவர் ராஜ் கபூர். 'ஆக்' (1948) தொடங்கி எட்டு ஆண்டுகளாக இருவரையும் சேர்த்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நீர் வெறும் நீராகத் தெரிய வழியில்லை. ராஜ் கபூரின் சொந்த நிறுவனமான ஆர்.கே.யின் படத்தில் நர்கீஸ் தோன்றியது அதுவே கடைசி முறை என்ற செய்தி, பின்னால் பார்த்தவர்களுக்குக் காட்சியை இன்னும் கனமாக்கியது. படத்தை இயக்கிய சோம்பு மித்ராவும் அமித் மைத்ராவும் வங்க நாடக மரபிலிருந்து வந்தவர்கள்; காதல் கதை சொல்வது அவர்கள் நோக்கமே அல்ல. அப்படியிருந்தும் காட்சி காதல் காட்சியாகிவிட்டது. அதை அப்படி ஆக்கியவர் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்.

இக்கட்டுரையின் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது. 1940களின் இறுதியிலிருந்து 1970களின் தொடக்கம்வரையான இந்தி மெலோடிராமா, காதலர் இருவர் தனித்திருப்பதைத் தன் கதைக்குள் நிம்மதியாகக் காட்ட முடியாத வடிவம். குடும்பம், குலம், அரியணை, நீதிமன்றம் என ஏதாவதொன்று குறுக்கே வந்து நிற்கும். கதைக்குள் கிடைக்காத அந்தத் தனிமையை, அதே இருவர் மீண்டும் மீண்டும் சேர்ந்து நடித்த பல படங்களின் ஊடாக ரசிகர் தாமே கட்டிக்கொண்டார். ஜோடி என்பது அந்தக் கட்டுமானம். எந்தத் தனிப்படத்திலும் அது முழுசாக இல்லை.

இது மாதவ பிரசாத்தின் புகழ்பெற்ற விளக்கத்தோடு ஓரளவு உரசுவது. இந்தி சினிமாவின் கருத்தியலைப் பற்றி 1998இல் வெளிவந்த நூலில், திரையில் முத்தம் இல்லாமல் போனதற்குப் பின்னால் எழுதப்படாத ஒரு தடை இருப்பதாகவும், குடும்பத்தின் அதிகாரத்துக்கு வெளியே தம்பதியருக்கென ஓர் அந்தரங்க வெளி உருவாவதையே அது தடுத்தது என்றும் அவர் வாதிட்டார். தடையைப் பற்றி அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். தடுக்கப்பட்டது அத்தோடு காணாமல் போயிற்று என்று நினைத்தால்தான் சிக்கல். அது இடம் மாறியது. ஒரு படத்தில் மறுக்கப்பட்டதை அடுத்த படத்தில் தேடிக்கொள்ள ரசிகர் கற்றிருந்தார். வெகுசன சினிமாவின் பார்வையாளர் புனைவையும் உண்மையையும் பிரித்தறியாதவர் என்ற தொனி சிதானந்த தாஸ்குப்தாவின் 1991ஆம் ஆண்டு நூலில் ஓடுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டையும் பிரித்தறிந்து, பிரித்ததை வேண்டும்போது சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரே ஜோடியை ரசித்தவர்.

'ஆவாரா' (1951) இதற்கு நல்ல களம். கே.ஏ. அப்பாஸ் எழுதிய கதையில் நீதிபதி ரகுநாத், மனைவியைச் சந்தேகித்து வீட்டைவிட்டுத் துரத்துகிறார். தெருவில் வளர்ந்த மகன் திருடனாகிறான். அவன் வழக்கில் வாதாடும் வக்கீல் ரீட்டா அதே நீதிபதியின் வளர்ப்பில் இருப்பவள். தந்தையாக நடித்த பிருத்விராஜ் கபூர், ராஜ் கபூரின் சொந்தத் தந்தை. இத்தனை தற்செயல்கள் ஒரே கதையில் வந்தால் யதார்த்தவாதிகள் முகம் சுளிப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய மேடையை ஆராய்ந்த பீட்டர் புரூக்ஸ், புனிதம் தன் பிடியை இழந்த உலகில் நன்மை தீமைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே மெலோடிராமாவின் வேலை என்றார். 'ஆவாரா'வின் தற்செயல்கள் அந்த வேலையைத்தான் செய்கின்றன: பிறப்பா வளர்ப்பா என்ற கேள்விக்குத் தந்தையையே கூண்டுக்கு இழுக்கின்றன. காதலர்க்கு மட்டும் அவை இடம் விடுவதில்லை. படகில் நிலவொளியில் இருவரும் இருக்கும் பாட்டில், நிலவே கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. யாருமற்ற நீரின் நடுவிலும் பார்ப்பதற்கு ஒரு கண் இருக்கிறது! பிரசாத் சொல்லும் தடையை இதைவிடத் துல்லியமாக எந்தக் காட்சியும் காட்டியதில்லை.

ரசிகர்கள் பேசாமல் கடந்துபோகும் காட்சி ஒன்றும் அதே படத்தில் உண்டு. கடற்கரையில் ரீட்டா விளையாட்டாக அவனைக் காட்டான் என்று சொல்லிவிட, ராஜ் வெறிகொண்டு அவளை அறைகிறான். படம் அதையும் காதலின் கணக்கிலேயே வரவு வைக்கிறது. ஜோடியைக் கொண்டாடுபவர் இந்த அறையையும் சேர்த்தே கணக்கு வைக்க வேண்டும். நினைவால் கட்டப்படுவது எதுவும் சிலவற்றைத் தள்ளிவிட்டுத்தான் கட்டப்படுகிறது என்பதற்கு இது சான்று. இறுதியில் ராஜுக்கு மூன்றாண்டுச் சிறை. ரீட்டா காத்திருப்பதாகச் சொல்கிறாள். சேர்க்கை அத்தோடு ஒத்திவைக்கப்படுகிறது.

நான்கு ஆண்டு கழித்து 'ஸ்ரீ 420' வந்தது. கதைப்படி வேறு ராஜ், பள்ளிக்கூட ஆசிரியை வித்யா. 'ஆவாரா' பார்த்தவருக்கோ இது காத்திருப்பின் தொடர்ச்சி. மழையில் ஒரே குடையின் கீழ் இருவரும் நிற்கும் பாட்டை எல்லோரும் அறிவார்கள். அதை நிதானமாகப் பார்த்தால் அங்கே தழுவல் என்று எதுவுமே இல்லை. குடையை நீ பிடி, நீ பிடி என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளுகிறார்கள். நெருங்கியதும் விலகுகிறார்கள். தெரு அவர்களைச் சுற்றி இருக்கவே செய்கிறது, டீ விற்பவர் உட்பட. நடுவில் மழைக்கோட்டு போட்ட மூன்று குழந்தைகள் கைகோத்துக்கொண்டு கடந்து போகிறார்கள். அவர்கள் ராஜ் கபூரின் சொந்தப் பிள்ளைகள்: ரண்தீர், ரீத்து, ரிஷி. 1946இல் கிருஷ்ணாவை மணந்தவருடைய திருமண வாழ்க்கை, நர்கீஸோடு அவர் பாடும் பாட்டின் குறுக்கே நடந்து போகிறது. வித்யாவின் கண்ணில் அது வருங்கால இல்லறத்தின் காட்சி. விவரம் தெரிந்தவர் கண்ணில் அந்த இல்லறம் வராது என்பதற்கான காரணம். ஒரே ஷாட் இரண்டையும் சொல்கிறது. நான் பார்த்த இந்திப் படங்களில் இதற்கு இணையான ஈரடிக் காட்சி வேறில்லை.

ஜோடியை நிலைநிறுத்தியதில் குரலுக்கு உள்ள பங்கைத் திறனாய்வாளர்கள் போதிய அளவு கணக்கில் கொள்ளவில்லை. மெஹபூப் கானின் 'அந்தாஸ்' (1949) படத்தில் திலீப் குமார், ராஜ் கபூர், நர்கீஸ் மூவரும் இருக்கிறார்கள். அதில் திலீபுக்குப் பாடியவர் முகேஷ், ராஜ் கபூருக்குப் பாடியவர் ரஃபி. இன்று கேட்டால் முகங்களைத் தவறுதலாக மாற்றி ஒட்டியது போல இருக்கும். ஏனெனில் சில ஆண்டுகளில் முகேஷ் குரல் என்றால் ராஜ் கபூர் என்று ஆகிவிட்டது. குரல்–முகம் என்ற அந்த முதல் ஜோடியும் பல படங்களின் பழக்கத்தால் வந்ததே. 1952இல் கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஒடுங்கியது. அந்த ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கியது. அமீன் சயானியின் குரலில் வாராவாரம் வந்த அந்நிகழ்ச்சி, பாட்டைப் படத்திலிருந்து பிரித்து வீட்டுக்குள் கொண்டுவந்தது. படத்தில் பாட்டு முடிந்ததும் வில்லன் வருவான், அப்பா வருவார். வானொலியில் வரமாட்டார்கள். காதலருக்குத் தடையற்ற சில நிமிடங்கள் கிடைத்தது அங்கேதான்.

இதெல்லாம் வியாபாரம்தானே என்று கேட்கலாம். ஒரு ஜோடி ஓடினால் விநியோகஸ்தர் அதையே திரும்பக் கேட்பார், ஏவி.எம். நிறுவனம் இந்தியில் எடுத்த 'சோரி சோரி' (1956) அந்தக் கணக்கில் பிறந்ததே. நாயகன் நாயகியாக இருவரும் சேர்ந்த கடைசிப் படங்களில் ஒன்று சென்னை நிறுவனத்தின் தயாரிப்பாக இருப்பது தமிழ் வாசகருக்குச் சுவையான செய்தி. ஆனால் விநியோகஸ்தர் பணம் கட்டியது ரசிகரின் நினைவின்மேல்தான். நினைவு இல்லாத இடத்தில் அவருக்கு வியாபாரமும் இல்லை. இரண்டும் கலந்ததற்கு ஆர்.கே. முத்திரையே சாட்சி. 'பர்சாத்' (1949) படத்தில் ஒரு கையில் வயலினும் மறு கையில் சாய்ந்த நர்கீஸுமாக ராஜ் கபூர் நிற்கும் தோற்றமே நிறுவனச் சின்னமாயிற்று. நர்கீஸ் விலகிய பிறகும் சின்னம் மாறவில்லை. 'சங்கம்', 'பாபி' என்று வேறு நாயகியர் நடித்த படங்களுக்கு முன்னும் அந்த உருவமே வந்தது. 'பாபி'யில் (1973) டிம்பிள் கதவைத் திறக்கும்போது தலைமுடியில் ஒட்டியிருக்கும் மாவு, தாம் நர்கீஸை முதன்முதலில் பார்த்தபோது கண்டது என்று ராஜ் கபூரே சொல்லிவந்தார். ஜோடியின் ரசிகர்களில் அவரும் ஒருவர் போலும்.

'முகல்-ஏ-ஆஸம்' (1960) நினைவின் வேலையை வேறொரு திசையில் காட்டுகிறது. 'தரானா' (1951), 'அமர்' (1954) என்று சேர்ந்து நடித்த திலீப் குமாரும் மதுபாலாவும் இப்படம் முடியும் முன்பே பிரிந்துவிட்டார்கள். 'நயா தௌர்' படத்திலிருந்து மதுபாலா விலகியதால் பி.ஆர். சோப்ரா தொடுத்த வழக்கில் திலீப் குமார் அவருக்கு எதிர்த்தரப்பில் சாட்சி சொன்னார். அந்த வேடம் வைஜெயந்திமாலாவுக்குப் போயிற்று. தான்சேனின் பாட்டு தூரத்தில் ஒலிக்க, சலீம் ஓர் இறகால் அனார்கலியின் முகத்தை வருடும் காட்சியைப் படமாக்கியபோது தாங்கள் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளாத நிலையில் இருந்ததாக, 2014இல் வந்த தன்வரலாற்றில் திலீப் குமார் குறிப்பிடுகிறார். காட்சியில் அவர் கை அவள்மீது படுவதில்லை, இறகுதான் படுகிறது. ஆசையின் உச்சத்தையும் தொட மறுப்பையும் ஒரே பொருள் சுமக்கிறது. படேகுலாம் அலிகான் குரல் நீள நீள, மதுபாலாவின் முகம் அசைவற்றுத் திரையை நிறைக்கிறது. இதை வெறும் கிசுகிசு என்று ஒதுக்கிவிட்டு ஆய்வு செய்ய முடியாது. பிரிவை அறிந்து பார்ப்பவருக்கும் அறியாமல் பார்ப்பவருக்கும் திரையில் கிடைப்பது வெவ்வேறு காட்சி.

இப்படம் 'அக்பர்' என்று தமிழில் குரல்மாற்றப்பட்டு 1961இல் வந்தது, எடுபடவில்லை. காரணம் பல இருக்கலாம். பழகிய குரல் போனதும் ஜோடியின் பாதி போய்விட்டது என்பது என் ஊகம். மேலும், ஜெமினி–சாவித்திரி, சிவாஜி–பத்மினி, எம்.ஜி.ஆர்.–சரோஜாதேவி என்று தமிழ் ரசிகர் தம் கணக்கில் சேர்த்து வைத்திருந்த நினைவே வேறு.

சக்தி சாமந்தாவின் 'ஆராதனா' (1969) ஒரு தந்திரம் செய்தது. பல படங்களில் திரள வேண்டிய நினைவை ஒரே படத்துக்குள் அடைத்தது. முதல் பாதியில் வந்தனாவின் காதலனாக வரும் ராஜேஷ் கன்னா விமான விபத்தில் இறக்கிறார்; இரண்டாம் பாதியில் மகனாக அதே முகத்தோடு திரும்புகிறார். நரைகூடிய ஷர்மிளா தாகூர் அவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அரங்கத்தில் எல்லோருக்கும் முதல் பாதியில் காதலர் சேர்ந்திருந்த மழை இரவு நினைவுக்கு வருகிறது. குளிர்காயும் நெருப்பைச் சுற்றிச் சுற்றி வெட்டின்றி ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்ட அந்தப் பாட்டு, இந்தி சினிமா தன் தடையின் விளிம்புவரை போய்ப் பார்த்த இடம். அதற்கான விலையைத்தான் வந்தனா மீதிப் படம் முழுக்கக் கட்டுகிறாள். இந்தி எதிர்ப்புப் போர் நடந்து நான்கே ஆண்டான தமிழ்நாட்டிலும் இப்படத்துக்கு ரசிகர்கள் இருந்தார்கள். 1974இல் 'சிவகாமியின் செல்வன்' என்று தமிழிலும் எடுத்தார்கள்.

காதலன்–மகன் என்ற இந்த மயக்கத்துக்குத் தலைகீழான கதை 'மதர் இந்தியா' (1957). அதில் நர்கீஸின் மகனாக நடித்த சுனில் தத் அவரைவிட ஐந்தே நாள் இளையவர். அடுத்த ஆண்டு அவரை மணந்தார். ஆனால் கணவன் மனைவியான பிறகு இருவரும் ஒரு ஜோடியாகத் திரையில் நிலைபெறவே இல்லை. சுனில் தத் ஒருவரே நடித்த 'யாதேன்' (1964) படத்தில் நர்கீஸ் நிழலுருவாக மட்டும் வருகிறார். திருமணம் ஆனவர்கள் எல்லோரும் ஜோடி ஆகிவிடுவதில்லை. ஜோடிக்கு வேண்டியது நிறைவேறாமை, நிறைவேறியது அல்ல.

அப்படியானால் நிறைவேறாமையையே விற்பனைக்கு வைத்தால்? யஷ் சோப்ராவின் 'சில்சிலா' (1981) அதைச் செய்துபார்த்தது. 'தோ அஞ்சானே' (1976), 'முகத்தர் கா சிக்கந்தர்' (1978) எனச் சேர்ந்து நடித்த அமிதாப் பச்சன்–ரேகா ஜோடியைப் பற்றி நாடு பேசிக்கொண்டிருந்ததை அப்படியே கதையாக்கி, மனைவி வேடத்தில் ஜெயா பச்சனையே நடிக்கவைத்தார் சோப்ரா. ஹோலிக் காட்சியில் காதலர் ஆட, இருவரின் துணைவர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 'ஆவாரா'வில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி கேட்கப்பட்ட நிலவின் இடத்தில் இங்கே மனைவியும் கணவனும். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. கதை குடும்பத்தின் பக்கம் சாய்ந்ததைக் காரணம் காட்டுவார்கள். அது எனக்குப் போதவில்லை. 'முகல்-ஏ-ஆஸம்' அரியணையின் பக்கம் சாய்ந்தும் ஓடியது. 'ஜாக்தே ரஹோ'வின் கடைசிக் காட்சி ரசிகரிடம் விட்டுவைத்த வேலையை 'சில்சிலா' தானே செய்து முடித்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, அந்தப் படத்திலிருந்து ரசிகர்கள் ஹோலிப் பாட்டையும் டூலிப் தோட்டப் பாட்டையும் தனியே பிரித்தெடுத்துக்கொண்டு, முடிவைப் படத்திடமே விட்டுவிட்டார்கள்.