கட்டரின் கேள்விகளும் கிறீனின் மாணவர்களும்

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்றவுடனே எங்களில பலருக்கு ஞாபகம் வாறது மானிப்பாய் ஆஸ்பத்திரிதான். தமிழில மேலைத்தேய மருத்துவம் படிப்பிச்ச அமெரிக்க மிஷனரி என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துபோவோம். அவர் தொடக்கத்தில் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தார் என்று கேட்பதில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன், அடுத்த வருசமே மாணவர்களைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். 1850களில் அவர் தமிழாக்கியது கல்வின் கட்டரின் நூல். உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் மூன்றும் அதில் அடக்கம். தமிழில் அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம். கட்டர் அதை வைத்தியர்களுக்காக எழுதவில்லை. கல்லூரிகள், பள்ளிக்கூடங்கள், குடும்பங்களுக்கானது என்று முகப்பிலேயே போட்டிருந்தார்.

அதன் ஆங்கிலப் பதிப்பைப் புரட்டிப் பாருங்கோ. தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. எலும்பிலிருந்துதான் தொடங்கவேணும் என்றில்லை, சமிபாட்டிலிருந்தும் தொடங்கலாம், ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் முழுமையானது என்கிறார் கட்டர். பக்கங்களின் அடியில் கேள்விகள். அதில் சாய்வெழுத்தில் உள்ளவை, ஒரு தலைப்பைக் கொடுத்து மாணவரையே விரித்துச் சொல்லவைக்கும் ஆசிரியருக்கு. மற்றவை சின்னச் சின்னதாய்க் கேட்டுக்கொண்டு போக. கடைசியில் அருஞ்சொல் விளக்கம். ஒரே பக்கத்தை இரண்டு விதமான பிள்ளைகளோடு வாசிக்க இது போதும்.

கிரேயின் பெரிய உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது 1872இல். சின்னதிலிருந்து பெரியதுக்கு என்று கிறீன் திட்டம்போட்டுச் செய்தார் என நாங்கள் அடிச்சுச் சொல்லமாட்டோம். கிரே தன் நூலை வெளியிட்டதே 1858இல்தான். ஆனாலும் மாணவருக்கு முன்னால் ஏறுவதற்குப் படிகள் இருந்தன.

1860களில் அவர் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விட, கிராமங்களுக்கு வைத்தியர் இல்லை என்பது அவருடைய கவலை. கலைச்சொல்லுக்கு முதலில் தமிழ், பிறகு சமஸ்கிருதம், கடைசியில்தான் ஆங்கிலம் என்பது அவர் வைத்த ஒழுங்கு. அப்படியிருந்தும் இரசாயன நூலின் பெயர் 'கெமிஸ்தம்'! 'சுகரணவாதம்' என்ற சொல்லே பல பிள்ளைகளுக்கு ஒரு மதிலாய் நின்றிருக்கும் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. அதனால்தானோ என்னவோ, சொற்றொகுதிகளையும் அச்சிடுவித்தார்.

எங்கட சனிக்கிழமை வாசிப்பு வகுப்பில் குருதிச் சுற்றோட்டம் வாசிச்சம். 'சோணையறை'யில் மூன்று பேர் இடறி நிக்க, ஒருத்தி பாடத்தையே முடிச்சிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை கட்டரின் முறையைப் பார்த்து இரண்டு வகைக் கேள்விகள் எழுதினம். இலவசப் பாடநூலில் கிறுக்கினால் அடுத்த வருசப் பிள்ளைக்குப் பழுது என்பதால், துண்டுக் கடதாசியில். அந்தப் பிள்ளை தலைப்புக் கேள்வியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய் இதயம் கீறினாள். இடறின மூன்று பேரும் எழும்பி வந்து, இரத்தம் எந்தப் பக்கத்தால உள்ளுக்கு வருது என்று அவளிட்டையே கேட்டினம்.