ஊமையான கருவி

பழைய சிந்தசைசர்களோடு மின்னிசை பற்றிய பழைய நூல்களையும் தேடிச் சேர்ப்பவன் நான். கருவி இருக்க ஏடு எதற்கு என வினவுவோருக்கு ஒரு வரலாறு கூறுவேன்.

அமெரிக்கரான தாடியஸ் கேஹில் 1897-இல் டெல்ஹார்மோனியத்துக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் மின்னாக்கிகளே அதன் நரம்புகள். 1906-இல் நியூயார்க்கில் நிறுவப்பெற்ற அக்கருவியின் எடை ஏறக்குறைய 200 டன். அதன் இசை தொலைபேசிக் கம்பி வழியே உணவு விடுதிகளை எட்டியது. இன்று கருவியும் இல்லை. அதன் ஒலிப்பதிவு ஒன்றேனும் கிடைத்திலது. காப்புரிமை ஏடுகளும் அக்காலக் கட்டுரைகளும் இன்றேல், அது இயங்கிய முறையை நாம் அறியோம்.

என் சிந்தசைசர் ஒன்றும் ஒருகால் ஊமையாயிற்று. கையேட்டிலிருந்த மின்சுற்றுப் படமே பழுதைக் காட்டிற்று. ஆதலின், பழங்கருவி வாங்குவோர் உடன்வரும் நைந்த தாள்களையும் எறியாது காத்தல் வேண்டும்.