மோதிரமும் கோலும்: பதவியளிப்புப் பூசல், 1075–1122

இடைக்கால ஐரோப்பாவில் அரசும் திருச்சபையும் மோதிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கனோசாவிலிருந்து தொடங்குவர். 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, வட இத்தாலியின் அந்தக் கோட்டை வாயிலில் வெறுங்காலோடு, கம்பளி உடையில், மூன்று நாள் மன்னிப்புக்காகக் காத்திருந்தார். போப் ஏழாம் கிரிகோரியே தம் கடிதத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஆனால் பூசலின் வேர் வெளிப்பட்ட நாள் 1111 பிப்ரவரி 12 என்பதே இக்கட்டுரையின் கருத்து.

பூசலின் பொருள் நிலம். பத்தாம் நூற்றாண்டிலிருந்தே ஜெர்மானிய மன்னர்கள் தங்கள் ஆட்சியை ஆயர்களின் தோளில் ஏற்றியிருந்தனர். ஒரு பிரபுவுக்கு நிலம் கொடுத்தால் அது அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் போய்விடும். மண உறவில்லாத ஆயருக்குக் கொடுத்தால், அவர் இறந்ததும் அடுத்தவரைத் தேர்வதும் மன்னர் கையில்தான். ஆகவே கோட்டைகள், சுங்கச்சாவடிகள், சந்தைகள், நாணயச்சாலைகள் ஆயர்களிடம் போய்ச் சேர்ந்தன. அதற்கு ஈடாக அவர்கள் மன்னரின் பரிவாரத்துக்கு உணவிட்டார்கள். போருக்குப் படை அனுப்பினார்கள். 981இல் இரண்டாம் ஓட்டோ இத்தாலிக்கு வரவழைத்த ஏறத்தாழ 2,000 கவச வீரர்களில் பெரும்பகுதியினர் ஆயர்களும் மடத்தலைவர்களும் அனுப்பியவர்களே. இப்படிப்பட்ட ஒருவரின் நியமனத்தை எந்த மன்னர் பிறரிடம் விடுவார்? மோதிரத்தையும் ஆயர் கோலையும் மன்னரே கையில் கொடுத்துப் பதவியில் அமர்த்தினார். மோதிரம் ஆயருக்கும் சபைக்குமான மணப் பிணைப்பின் சின்னம். கோல் மேய்ப்பரின் சின்னம். ஆன்மாவைக் காக்கும் பொறுப்பைக் குருத்துவம் பெறாத ஒருவர் வழங்குவதா என்று சீர்திருத்தம் நாடிய துறவிகள் கொதித்தார்கள்.

அந்தச் சீர்திருத்தத்தை ரோமுக்குள் கொண்டுவந்தவர் ஒரு மன்னர் என்பதை மறக்கக் கூடாது. போப் பதவிக்கு உரிமை கோரிய மூவரை 1046இல் மூன்றாம் ஹென்றி அகற்றி, பாம்பெர்க் ஆயரை அப்பதவியில் அமர்த்தினார். பத்தாண்டுகளில் அவர் இறந்தபோது அவர் மகன் நான்காம் ஹென்றிக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. அந்த இடைவெளியில் ரோம் தன் காலில் நின்றது. போப்பைத் தேர்வதில் கர்தினால்களுக்கே முதலிடம் என்று 1059இல் இரண்டாம் நிக்கோலஸ் ஆணையிட்டார். 1075இல் கிரிகோரியின் பதிவேட்டில் இடம்பெற்ற 27 வாசகங்களில் ஒன்று, பேரரசர்களையே நீக்கும் உரிமை போப்புக்கு உண்டு என்றது.

பிறகு நடந்தவை பலரும் அறிந்தவை. மிலான் பேராயர் நியமனத்தில் மோதல் முற்றியது. 1076 ஜனவரியில் வோர்ம்ஸ் நகரில் கூடிய ஜெர்மானிய ஆயர்கள் கிரிகோரியை ஏற்க மறுத்தனர். அடுத்த மாதமே அவர் ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கி, குடிகளை விசுவாச ஆணையிலிருந்து விடுவித்தார். கனோசாவில் கிடைத்த மன்னிப்பும் நீடிக்கவில்லை. 1080இல் ஹென்றி மறுபடி விலக்கப்பட்டார். 1084இல் ரோமைக் கைப்பற்றித் தாம் நிறுத்திய போப்பிடம் முடிசூடினார். கிரிகோரி 1085இல் சலெர்னோவில், ரோமுக்குத் திரும்ப முடியாமலேயே இறந்தார்.

கால் நூற்றாண்டுக்குப் பின் போப் இரண்டாம் பாஸ்கல் ஒரு தீர்வை முன்வைத்தார். ஆயர்கள் அரசிடமிருந்து பெற்ற நகரங்கள், சுங்கம், சந்தை, நாணய உரிமை அனைத்தையும் திருப்பித் தந்துவிட வேண்டும். தசமபாகமும் காணிக்கையும் அவர்களுக்குப் போதும். ஈடாக மன்னர் ஐந்தாம் ஹென்றி பதவியளிப்பு உரிமையைக் கைவிட வேண்டும். ஹென்றி உடன்பட்டார். 1111 பிப்ரவரி 12 அன்று, முடிசூட்டுக்காகப் புனித பேதுரு பேராலயத்தில் கூடியிருந்தோர் முன் இந்த உடன்பாடு வெளியானதும் பெருங்கூச்சல் எழுந்தது. தங்கள் செல்வம் பறிபோவதைக் கண்டு ஆயர்கள் எதிர்த்தனர். ஆயர்களிடம் குத்தகையாகவும் மானியமாகவும் நிலம் பெற்றிருந்த பிரபுக்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். முடிசூட்டு நின்றது. ஹென்றி போப்பையும் கர்தினால்களையும் சிறைப்பிடித்து, இரண்டு மாதங்களில் மோதிரமும் கோலும் வழங்கும் உரிமையையே எழுதி வாங்கினார். மறு ஆண்டு லாத்தரன் சங்கம் அதைச் செல்லாததாக்கியது.

பாஸ்கலை உலகம் அறியாத துறவி என்று சிலர் ஒதுக்குகிறார்கள். என் பார்வையில், அந்த அரை நூற்றாண்டில் சிக்கலின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டவர் அவர் ஒருவரே. நிலத்தையும் வைத்துக்கொண்டு விடுதலையும் கேட்க முடியாது என்பது அவர் வாதம். அதைத் தோற்கடித்தது மன்னர் மட்டுமல்லர். பாஸ்கலின் சொந்த ஆயர்களும்தான். அரசு ஒருபுறம், திருச்சபை மறுபுறம் என்று இப்பூசலைப் பிரித்துக் காட்டும் பாடநூல் விளக்கம் இந்த ஒரு நாளின் முன் நிற்காது.

1122 செப்டம்பர் 23 அன்று வோர்ம்ஸில் போப் இரண்டாம் கலிக்ஸ்டஸும் ஐந்தாம் ஹென்றியும் கண்ட சமரசம் நிலத்தைத் தொடவே இல்லை. மன்னர் மோதிரத்தையும் கோலையும் கைவிட்டார். நிலவுரிமையைச் செங்கோலால் தொட்டு வழங்கும் அதிகாரத்தை வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் ஆயர் தேர்தல் மன்னர் முன்னிலையில் நடக்கும். திருநிலைப்பாட்டுக்கு முன்பே செங்கோல் வரும். இத்தாலியிலும் பர்கண்டியிலும் அது திருநிலைப்பாட்டுக்குப் பின் ஆறு மாதத்துக்குள் வந்தால் போதும். அங்கே மன்னரின் பிடி தளர்ந்தது இதனால்தான்.

உண்மையில் வென்றவர்கள் ஜெர்மானியப் பிரபுக்கள். 1077இல் எதிர்மன்னரைத் தேர்ந்தெடுத்த துணிவு அவர்களை விட்டுப் போகவில்லை. பரம்பரை முடியாட்சி அங்கே வேரூன்றவும் இல்லை. ஆயர்களும் நாளடைவில் அந்தப் பிரபுக்கள் வரிசையிலேயே அமர்ந்து, மைன்ஸ், கொலோன், திரியர் பேராயர்கள் மன்னரைத் தேர்வு செய்யும் எழுவரில் மூவராயினர். பாஸ்கல் கேட்டது 1803இல்தான் நடந்தது. நெப்போலியன் காலத்து நெருக்கடியில் ஜெர்மானிய ஆயர்களின் ஆட்சி நிலங்கள் ஏறத்தாழ முழுவதும் பறிக்கப்பட்டன; போப்பின் சம்மதத்தை அப்போது யாரும் கேட்கவில்லை.