எவருடைய பொற்காலம்?

2003ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் மரிலின் மான்ஸன் ‘கோரத்தின் பொற்காலம்’ என்று பொருள்படும் பெயரில் இசைத்தொகுப்பொன்றை வெளியிட்டார். ஆலை இயந்திரங்களின் இரைச்சலைத் தாளமாக்கிக்கொண்ட ‘இண்டஸ்ட்ரியல் றொக்’ வகையைச் சேர்ந்தது அது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட பேர்லினின் கேளிக்கை அரங்குகளும், நாஸிகள் ‘சீரழிந்த கலை’ எனப் பழித்த ஓவியங்களும் அதற்கு ஊற்றுக்கண். வியன்னாவிற் பிறந்த ஓவியர் கொட்ஃபிறீட் ஹெல்ன்வைன் அதற்கான படங்களை ஆக்கினார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் அது முதலிடத்தையும் எட்டியது.

பொற்காலம் என்றால் எவருடைய பொற்காலம்? 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டொலரின் விலை 4.2 இலட்சம் கோடி மார்க். தொழிலாளியின் கூலி மாலைக்குள் வெறும் கடதாசியாயிற்று. நடுத்தர வர்க்கத்தின் சேமிப்பு கரைந்தது. கடன்பட்டிருந்த பெருமுதலாளிகளோ கடனைச் செல்லாக்காசிற் கட்டித் தீர்த்தனர். அரங்குகளின் மினுமினுப்பு இந்த அழிவின் மேல் எரிந்த விளக்கு.

அதனை நேர்நின்று பார்த்தவர் ஒட்டோ டிக்ஸ். போர்முனையில் இயந்திரத் துப்பாக்கி இயக்கிய அவர், 1920இல் ‘போரில் ஊனமுற்றோர்’ என்னும் ஓவியத்தைத் தீட்டினார். மரக்காலும் செயற்கைத் தாடையுமாக நான்கு படைவீரர் வீதியில் வரிசையாகச் செல்கின்றனர். பின்னால் இருப்பதோ ஒரு சப்பாத்துக் கடை! இதைவிடக் கசப்பான நகைச்சுவையை நான் ஓவியத்திற் கண்டதில்லை.

1937 ஜூலை 19இல் மியூனிச்சில் நாஸிகள் திறந்த ‘சீரழிந்த கலை’க் கண்காட்சியில், அரும்பொருட்சாலைகளிலிருந்து பறித்த ஏறத்தாழ 650 படைப்புகளுள் இவ்வோவியமும் தொங்கியது. இராணுவத்துக்கு எதிரான நாசவேலை என்பது அதன்மீது சுமத்தப்பட்ட குற்றம். போரைத் தொடுத்தவன் சீரழிந்தவனல்லன், அதன் புண்ணைக் காட்டியவனே சீரழிந்தவன் என்பது ஃபாசிசத்தின் அழகியல். மியூனிச்சில் மட்டும் 20 இலட்சம் பேர் பார்த்தனர். டிக்ஸின் ஓவியம் பின்னர் அழிந்துபோயிற்று.

இங்கே நம் அணியினரின் பங்கையும் மறைத்தலாகாது. ‘நசிவு’ என்னும் சொல்லை நாமும் தாராளமாக வழங்கியவர்கள். ஹங்கேரிய மார்க்சியரான ஜோர்ஜ் லூக்காச் 1934இல் எக்ஸ்பிரஷனிசத்தை ஃபாசிசத்திற் சென்று கலந்த கருத்தோட்டங்களுள் ஒன்றாகக் கண்டார். மூன்றாண்டுகளில் அவ்வியக்கத்தின் ஓவியங்களையே ஃபாசிஸ்டுகள் இழிவுபடுத்தி மாட்டினர். 1938இல் ஏர்ன்ஸ்ட் புளொக் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானதே. நசிவைக் காட்டும் கலையும் நசிந்த கலையும் ஒன்றல்ல.

மான்ஸனின் தொகுப்பு எதிர்ப்பின் சின்னங்களை எடுத்தாள்கிறது. தணிக்கை கோருவோரைச் சீண்டும் துணிவும் அதற்கு உண்டு. ஆனால் பேர்லினின் கறுப்புக் கோட்டும் உதட்டுச் சாயமும் வந்த அளவுக்கு அந்த நான்கு மரக்கால்களும் அதனுள் வரவில்லை. அதில் ஆங்காங்கே ஸ்விங் இசையின் சாயலும் கேட்கிறது. அந்த இசைக்கு ஆடிய ஹம்பேர்க் இளைஞரின் தலைவர்களை வதைமுகாமுக்கு அனுப்புமாறு 1942 ஜனவரியில் ஹிம்லர் எழுதினார். அவர்களுட் பலர் பள்ளி மாணவர்.